மீன்மகளும் சூலக்குறியும்

மட்டக்களப்பைத் தோலில் எழுதிக்கொள்ள ஆசைப்படும் இளையவர் ஒருவர் முதலில் கேட்பது பெரும்பாலும் மீன்மகளைத்தான். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன், மடியில் ஒரு யாழ். ஊரிலும் வெளிநாடுகளிலும் மட்டக்களப்பாருக்கு இது அறிமுகம் தேவையில்லாத அடையாளம். அதனோடு கொஞ்சம் அலை, கல்லடிப் பாலத்தின் இரும்பு வளைவு, கண்டல் வேர், ஒரு தோணி என்று சேர்த்தால் வேறு எவர் கையிலும் இல்லாத வடிவம் தயார்.

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். ஆனால் பாடுவது மீன்தானா? 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், நிலா வெளிச்சத்தில் கோட்டைக்கு அருகே படகில் போய் அந்த ஓசையைக் கேட்டார். படகின் விளிம்பில் காதை வைத்தால் பலத்துக் கேட்டது என்றும், ஒன்றோடொன்று சேராத பல மெல்லிய தொனிகளாக அது இருந்தது என்றும் 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். ஓசைக்குக் காரணம் என்று மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. சேற்றிலும் கண்டல் ஓரத்திலும் ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு சுருள் ஓட்டுப்பிராணி அது. இன்றும் பூரணை இரவில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதோடு வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாடகி ஊரியாக இருந்தால் மீன்மகளுக்கு வேலையில்லை. எனினும் ஊரியைப் பச்சை குத்தக் கேட்டு வருகிறவர் அபூர்வம். அதற்கு அழகிய முகம் இல்லை.

யாழ் விடயத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகளைப் பழந்தமிழ் இசைக்கருவிகளின் ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர். ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறிய சில வாரங்களில் அவர் மறைந்தார். வாவியின் நீரரமகளிர் பாட்டையும் அந்த நூலுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ் என்று ஒவ்வொன்றுக்கும் நரம்பும் வடிவும் வேறு. வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் யாழில் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இவ்வளவு உழைப்பு நடந்த மண்ணின் பெயரால், இணையத்தில் அகப்படும் கிரேக்க லைரையோ வீணையையோ மீன்மகள் மடியில் வைத்துத் தோலில் ஏற்றுவது சோம்பேறித்தனம். மரபு என்று சொல்லிக் குத்துகிறவர் ‘யாழ் நூலை’ ஒருதரமாவது புரட்டியிருக்க வேண்டும்.

வடிவப் பிழையைத் திருத்திவிடலாம். சாமி படத்தைத் தோலில் ஏற்றலாமா என்ற கேள்விதான் வீட்டுக்குள் சண்டையைக் கொண்டுவருவது.

அம்மம்மா எதிர்த்தால் அவர் சொல்லும் காரணம் சாத்திரத்திலிருந்து வராது. துடக்கு, அதாவது தீட்டு, என்பார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தப் பகுதியின் முழு வழிபாட்டு முறையும் நிற்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில்தான் சடங்கு. கதவு திறப்பார்கள். கட்டாடியார் பூசை செய்வார். ‘கண்ணகி வழக்குரை’ படிப்பார்கள். உடுக்கும் பறையும் முழங்க அம்மன் உருவேறும். மதுரையை எரித்த சினம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். வேப்பிலையும் தண்ணீரும் அதற்குரியவை. குளிர்த்தி முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வைகாசி வரை அம்மன் உள்ளே.

இப்படிப் பார்ப்பதற்கும் பார்க்காமல் இருப்பதற்கும் காலம் வகுத்த தெய்வத்தை, சிலம்பு ஏந்திய கோலத்தில் முழங்கையில் குத்திக்கொண்டால் என்ன ஆகிறது? செத்தவீட்டுக்கும் அவள் கூடவே போகிறாள். மலசலகூடத்துக்கும் போகிறாள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: தோலில் இருப்பவள் எப்போதும் சினத்தோடு இருப்பவள், குளிர்த்தி பெறாதவள். சடங்கின் முழுநோக்கமே அந்தச் சினத்தை ஆற்றுவது. அதற்கு முந்திய கணத்தில் படத்தை நிறுத்திவிட்டால், சடங்கு எதற்காக நடக்கிறதோ அந்தப் பாதி காணாமல் போகிறது. அம்மம்மாவின் துடக்குப் பேச்சு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவர் இதையும் யோசிக்கலாம்.

மண்டூர் முருகன் கோயிலில் நிலைமை இன்னும் கடினம். கதிர்காம முறையில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்யும் இடம் அது. மந்திர ஒலி வெளியே வராது. மூலத்தானத்தை அடியார் கண்கொண்டு பார்ப்பதில்லை. மண்டூரைப் பச்சை குத்த வேண்டுமென்றால் எதைக் குத்துவது, திரையையா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சைவம் உடலில் குறி இடுவதை வெறுக்கிறது என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. தேவார மூவரில் ஒருவரான அப்பர் என்னும் திருநாவுக்கரசரே இறைவனிடம் குறி கேட்டவர். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்து, சூலை நோயால் திரும்பிவந்தவர் அவர். பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் நின்று, சமணத் தொடர்பு பட்ட இந்த உடலோடு உயிர்வாழ விரும்பவில்லை, உன் அடையாளத்தை இதில் பொறித்துவிடு என்று விண்ணப்பித்தார். சிவபூதம் ஒன்று பிறர் அறியாமல் வந்து அவர் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நெற்றியில் தினமும் இட்டுத் தினமும் அழிந்துபோகும் திருநீறு அவருக்குப் போதவில்லை.

வைணவத்தில் இது புராணக் கதையாக நின்றுவிடாமல் நடைமுறையாகவே இருக்கிறது. ஐந்து சம்ஸ்காரங்களில் முதலாவது தாபம். காய்ச்சிய சங்கு, சக்கர முத்திரைகளை ஆசாரியர் சீடரின் தோள்களில் ஒற்றுவார். சோழர் காலத்தில் சிவன் கோயில்களுக்கு உரியவர்களான தேவரடியாருக்குச் சூல முத்திரை இட்டார்கள். திருக்காளத்திக் கோயிலின் தேவரடியார் சிலரைத் தவறுதலாக அரண்மனைப் பணிக்கு எடுத்து அரச முத்திரை இட்டுவிட்ட செய்தி முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டில் வருகிறது. முறையீடு போனது. அரச முத்திரையை அழித்து மறுபடி சூலம் பொறிக்க உத்தரவானது. ஒரே தோலின் மேல் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரிமை வழக்கு! அந்தப் பெண்களிடம் எவரும் கேட்டார்களா என்பது கல்வெட்டில் இல்லை.

தோலில் குறி என்றால் உரிமை என்பதை மட்டக்களப்பில் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டிக்காரர் எல்லோருக்கும் தெரியும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் திரியும் மாடுகளின் தோலில் குறி சுடுவது இன்றும் உள்ள வழக்கம். காட்டோரத்தில் பல பட்டிகள் கலந்து மேயும்போது மாடு எவருடையது என்று தீர்க்க அதுதான் சாட்சி. முன்பு உரிமையாளரின் பெயரெழுத்தோடு குலத்துக்குரிய குறியையும் சேர்த்துச் சுட்டார்கள். சைவ சித்தாந்தம் ஆன்மாவைப் பசு என்கிறது, இறைவனைப் பதி என்கிறது. அந்தத் தத்துவத்தைப் படிக்காத பட்டிக்காரருக்கும் அப்பர் கேட்டது என்ன என்று உடனே விளங்கும்: வழிமாறிப் போன மாடு, தன் சொந்தக்காரனின் குறியைத் தானே கேட்டு வாங்குகிறது.

இங்கேதான் இன்றைய பச்சைக்கும் அப்பரின் பச்சைக்கும் இடைவெளி விழுகிறது. கடையில் உட்காருபவர் “எனக்கென்றே ஒரு வடிவம்” கேட்கிறார். தன் உடல் தன்னுடையது என்று காட்டத்தான் பலரும் குத்திக்கொள்கிறார்கள். அப்பரோ தன் உடல் தன்னுடையது இல்லை என்று எழுதித்தரச் சொன்னவர். உடல், கருவி, உலகம், அனுபவம் ஆகிய நான்கும், அதாவது தனு கரண புவன போகங்கள், உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் தந்தவை என்பது சித்தாந்தம். அந்தக் கணக்கில் தோல் இரவல் பொருள். இரவல் புத்தகத்தில் சொந்தப் பெயர் எழுதலாமா என்று கேட்டால் சித்தாந்திக்கு விடை சுலபம். கொடுத்தவன் பெயரை எழுதிக்கொள் என்பார்.

அதற்காக மற்றப் பச்சையெல்லாம் பாவம் என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் குறவர் பெண்கள் தெருத் தெருவாகப் போய்ப் பச்சை குத்தியபோது குத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடும் சாதாரணப் பெண்கள்தான். கோலம், தேள், தேர், புருசன் பெயர் என்று முன்கையில் குத்திக்கொண்டார்கள். 1900களின் தொடக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் மதராஸ் மாகாணத்தில் கண்டு எழுதிய செய்முறை சுவையானது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்துக் கவிழ்த்த சட்டியில் கரி பிடிப்பார்கள். அந்தக் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து ஊசியால் இறக்குவார்கள். கறுப்பு மை தோலுக்குள் போனதும் பச்சையாகத் தெரியும். நகையும் நட்டும் சுடலையோடு நின்றுவிடும், பச்சை மட்டும்தான் மேலுலகத்துக்குக் கூடவரும் என்ற நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. தாலியைக்கூடக் கழற்றி எடுக்கும் சமூகத்தில், எவராலும் கழற்ற முடியாத ஒரே சொத்து அது என்று ஏழைப் பெண்கள் நினைத்திருந்தால் வியப்பில்லை.

அறிவியல் இதில் ஒரு விநோதத்தைச் சேர்த்திருக்கிறது. பச்சையின் மை தோலின் உள்ளடுக்கில் கிருமிகளை விழுங்கும் கலங்களுக்குள் போய்த் தங்குகிறது. அந்தக் கலங்கள் நிரந்தரமானவை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் சோதித்து வெளியிட்டது வேறு கதை. மையைத் தாங்கும் கலம் சாகிறது; மை வெளியே கொட்டுகிறது; பக்கத்தில் புதிதாக வந்த கலம் அதை விழுங்கிக்கொள்கிறது. தாங்குபவர் மாறிக்கொண்டே இருக்க, வடிவம் மட்டும் அப்படியே நிற்கிறது. நிலையாத உடம்பில் நிலையான குறியா என்று கேலிசெய்யும் துறவியும், சாகும்வரை இது என்னோடு இருக்கும் என்று பெருமைப்படும் இளைஞரும் இதைக் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார்கள். குறியும் ஒரு மரபுபோலக் கைமாறித்தான் வாழ்கிறது.

கல்லடியிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் போனால் காத்தான்குடி. அங்கே கேள்விக்கு விடை தெளிவு. தோலைக் குத்தி மையேற்றுவதை நபிமொழிகள் கண்டிப்பாகத் தடுத்துள்ளன. இறைவனின் படைப்பை மாற்றுவது என்பதே காரணம். பச்சை இருந்தால் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது, சேராது என்று சிலர் நினைப்பது சரியில்லை. மை தோலுக்கு அடியில் இருப்பதால் தண்ணீரை மறைப்பதில்லை. முன்பே குத்திக்கொண்டவர் அதை அகற்றுவது உடலுக்குக் கேடு என்றால் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டால் போதும் என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கலியாண வீட்டு மருதோன்றிக்குத் தடையில்லை, அது சில வாரங்களில் போய்விடுவது. கிறிஸ்தவர்களுக்கு லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் ஒரு தடை இருக்கிறது. ஆயினும் எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொள்கிறார்கள். எருசலேமில் யாத்திரிகர்களுக்குச் சிலுவை குத்திவிடுவதையே குலத்தொழிலாகக் கொண்ட ரஸ்ஸூக் குடும்பம் இன்றும் கடை நடத்துகிறது. சிறுபான்மையாக வாழும் இடத்தில் மாற்றிச் சொல்ல முடியாதபடி அடையாளத்தை மணிக்கட்டில் வைப்பதற்குப் பெரிய துணிவு வேண்டும்.

இலங்கையில் அந்தத் துணிவுக்கு விலையும் உண்டு. 2014 ஏப்ரலில், தாமரையில் அமர்ந்த புத்தரின் உருவத்தைக் கையில் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். பௌத்தத்தின்மீது கொண்ட மதிப்பினால்தான் குத்திக்கொண்டதாக அவர் சொன்னது எடுபடவில்லை. 2017இல் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, 8 இலட்சம் ரூபா வழங்க உத்தரவிட்டது. ஒரே படம் ஒருவருக்குப் பக்தி, இன்னொருவருக்கு அவமதிப்பு. உருவம் இருக்கும் இடம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது என்பதில் பௌத்த அதிகாரியும் படுவான்கரை அம்மம்மாவும் ஒரே கட்சி; ஒருவருக்குச் சிறையில் அடைக்கும் அதிகாரம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

தமிழர் உடலில் குறிகளைத் தேடிய காலமும் இங்கு இருந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோளிலோ முழங்காலிலோ உள்ள ஒரு பழைய தழும்பு, மரத்திலிருந்து விழுந்ததென்றாலும், விசாரணைக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தலைமுறைப் பெற்றோர் மகனின் கையில் புதிதாக ஒரு குறியைக் கண்டு பதறினால் அது சமய ஆசாரம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொரு ஆபத்து எவரும் பேசாமல் போவது. மரபைத் தோலில் எழுதுகிறேன் என்று புறப்படுபவர் மட்டக்களப்பில் வெகு சீக்கிரம் குடியில் வந்து முட்டுவார். உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி என்று தாய்வழியாக வரும் குடிகள் இந்த மண்ணின் தனிச் சிறப்பு. முஸ்லிம்களிடமும் குடி உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் அக்கரைப்பற்றில் ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான். கோயில் உரிமை, திருவிழாவில் முன்னுரிமை, குலவிருது எல்லாம் அதோடு பிணைந்தவை. வடிவமாகப் பார்த்தால் பழைய மாட்டுக்குறிகளும் குலவிருதுகளும் மிக அழகானவை; ஒரே கோட்டில் முடியும் உருவங்கள் எந்தப் பச்சைக்காரரையும் கவரும். ஆனால் அவை யார் முன்னே, யார் பின்னே என்று வரிசை வைத்த குறிகள். விருது கிடைக்காதவர்கள், கோயில் வாசலோடு நின்றவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். அப்பர் தோளில் ஏறிய சூலம் அடிமையின் குறி. குலவிருது தோளில் ஏறினால் அது எசமானின் குறி. இரண்டையும் மரபு என்ற ஒரே பெட்டிக்குள் போட முடியாது. பின்னதைத் தோலில் ஏற்றுவது தவறு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதைத்தான் குத்துவது? சொந்தக்காரர் இல்லாத பொருட்கள் வாவியில் நிறைய. கண்டலின் தாங்குவேர், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும் நிலை, வீச்சுவலை காற்றில் வட்டமாக விரியும் கணம், மருதமுனை நெசவின் கரை, பன்பாயின் பின்னல் கட்டம். இவற்றுக்குத் துடக்கு இல்லை, குளிர்த்தி தேவையில்லை, குடி இல்லை. நெசவும் பாயும் தமிழர், முஸ்லிம்கள் என்று இரு வீட்டிலும் புழங்குபவை. தெய்வம்தான் வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவருக்கு அப்பர் காட்டிய வழி திறந்திருக்கிறது: தெய்வத்தின் முகத்தை விட்டுவிட்டு அதன் குறியை மட்டும் கேட்கலாம். சூலமோ வேலோ ஒரு சிலம்போ போதும். கதவுக்குள் இருப்பவள் கதவுக்குள்ளேயே இருக்கட்டும். மீன்மகளை விட மனமில்லாதவர் யாழையாவது சரியாக வரையச் சொல்லலாம், அவள் காலடியில் ஓர் ஊரிக்கும் இடம் தரலாம்.

ஒரு நடைமுறைச் செய்தி. புதிதாகக் குத்திய இடம் திறந்த புண். ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை குளத்திலோ வாவியிலோ கடலிலோ முங்கக்கூடாது. ஒருமுறை பாவித்த ஊசியை இன்னொருவருக்குப் பாவித்தால் ஈரல் அழற்சி போன்ற இரத்தவழி நோய்கள் தொற்றும் என்பதால், உறை பிரிக்காத ஊசியைக் கண்ணால் பார்த்த பிறகே கையை நீட்ட வேண்டும். புண் ஆறும்வரை முங்கக்கூடாது என்பதால், ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடுகிற எண்ணம் உள்ளவர்கள் பச்சையை ஆனி தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளவும், அல்லது ஆவணி வரை பொறுக்கவும்.